மழுங்கிய கத்தரிக்கு யார் பொறுப்பு?

அறுவை சிகிச்சை முடிந்து நோயாளியை அரங்கத்தைவிட்டு வெளியே கொண்டுபோவதற்கு முன், தியேட்டர் செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை சில உண்டு. என்ன அறுவை சிகிச்சை நடந்தது, கருவிகளும் பஞ்சுத் துணிகளும் ஊசிகளும் எண்ணிக்கையில் சரியாக இருக்கின்றனவா, பரிசோதனைக்கு எடுத்த திசுவின் குப்பியில் பெயர் ஒட்டியாயிற்றா என்பவை முதல் மூன்று. நான்காவது, சரிசெய்ய வேண்டிய கோளாறு ஏதாவது கருவிகளில் தென்பட்டதா என்பது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே தலைமையிலான குழு, புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்துப் பார்த்தது. பெரிய பின்விளைவுகள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009 ஜனவரியில் முடிவு வெளியானது.

அந்தப் பட்டியல் நம் ஊர் அறுவை அரங்கங்களின் சுவர்களுக்கும் வந்துவிட்டது. முதல் மூன்று பதில்களையும் கேட்க ஆள் இருக்கிறார்கள். எண்ணிக்கை உதைத்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். குப்பியில் பெயர் இல்லாவிட்டால் நோயியல் துறை திருப்பி அனுப்பிவிடும். “இந்தக் கத்தரி வெட்டவில்லை” என்று சிஸ்டர் சொன்னால் என்ன ஆகும்? பல மருத்துவமனைகளில் அந்தப் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ள ஒரு பொறுப்பாளர் இல்லை, அதற்கென்று ஒப்பந்தம் இல்லை, செலவுத் தலைப்பும் இல்லை. கத்தரி கழுவப்படுகிறது, கிருமிநீக்கும் ஆட்டோகிளேவுக்குள் போகிறது, மறுநாள் காலை வேறொரு நோயாளிக்காக அதே தட்டில் வந்து உட்காருகிறது.

அறுவைக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பராமரித்துத் தரும் நிறுவனங்கள் இந்த வெற்றிடத்தில்தான் தொழில் செய்கின்றன. வெளிநாடுகளில் இது முறைப்படுத்தப்பட்ட சேவை. அமெரிக்காவில் பட்டறையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வந்து, அன்றே கருவிகளைச் சரிசெய்து தந்துவிட்டுப் போகிற நிறுவனங்கள் உண்டு. நம்மிடமும் சிறிய அளவில் இருக்கிறார்கள். பெரும்பாலும் கருவி விற்பவரே கூடவே செய்து தருகிற வேலையாக அது நடக்கிறது. இந்த வேலையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக நம் சுகாதார நிர்வாகம் இன்னும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

மழுங்கிய கருவியால் வரும் கேடு வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புலப்படாது. கூரான கத்தரி திசுவை வெட்டும். மழுங்கிய கத்தரி அதை நசுக்கி, இழுத்து, கிழிக்கும். நசுங்கிய விளிம்பு ஆறுவதற்கு நாளாகும். ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பிடியில் ‘ராட்செட்’ என்ற பூட்டுப் பல்வரிசை இருக்கும். அது தேய்ந்துவிட்டால், டாக்டர் பூட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகு தானாகத் திறந்துகொள்ளும், அடைபட்ட குழாயிலிருந்து ரத்தம் மறுபடி பீறிடும். தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரின் தாடை வழுவழுத்துப்போனால், வளைந்த ஊசி திசுவுக்குள் போகும்போது திரும்பிக்கொள்ளும். குடலையோ ரத்தக் குழாயையோ இணைக்கும் நுட்பமான தையலில் இது சின்ன விஷயமல்ல. எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், துளை பெரிதாகும், மயக்க நிலையில் நோயாளி கிடக்கும் நேரம் நீளும். இவை எதுவும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கத்தரி மழுங்கியிருந்தது’ என்று பதிவாவதில்லை. ‘ரத்தப்போக்கு அதிகம்’, ‘புண் ஆறுவதில் தாமதம்’ என்றுதான் எழுதப்படும்.

சிறு துளைகள் வழியே கேமராவை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு இந்த ஆபத்து இன்னும் ஒளிந்துகொண்டுவிட்டது. 1990இல் மும்பையில் டாக்டர் டெம்டன் உட்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவை சிகிச்சையைச் செய்தார். இன்று மாவட்டத் தலைநகரங்களில்கூட அது அன்றாட வேலை. அதில் பயன்படும் நீண்ட மெல்லிய கருவிகளின் வழியே மின்சாரம் செலுத்தித் திசுவை வெட்டுவார்கள், ரத்தத்தை உறையவைப்பார்கள். கருவியின் தண்டைச் சுற்றி மின்காப்பு உறை இருக்கும். மறுபடி மறுபடி கழுவி, சூடாக்கி, குழாய்களுக்குள் நுழைத்து எடுப்பதில் அந்த உறையில் மயிரிழை அளவு வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது. அந்த வெடிப்பு வழியே மின்சாரம் கசிந்து, கேமராவின் பார்வைக்கு வெளியே இருக்கும் குடலைச் சுட்டுவிடலாம். மேசையில் யாருக்கும் தெரியாது. சில நாள் கழித்து வயிற்றில் சீழ் கட்டி, காய்ச்சலோடு நோயாளி திரும்பி வரும்போதுதான் தெரியும். இந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கச் சிறிய மின்காப்புச் சோதனைக் கருவி இருக்கிறது. அதை வாங்கி வைத்து ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று ஒவ்வொரு நோயாளியின் குடும்பமும் கேட்கலாம். கேட்பது தவறில்லை.

கெடுப்பது வெட்டும் வேலை அல்ல

கருவிகள் பயன்படுத்துவதால் மட்டுமே தேய்வதில்லை. கழுவுவதில்தான் பெரும்பாலும் கெடுகின்றன. சமையலறை எவர்சில்வர் பாத்திரத்தின் எஃகும் கத்தரிக்கோலின் எஃகும் ஒன்றல்ல. கூர் நிற்க வேண்டுமானால் எஃகு கடினமாக இருக்க வேண்டும். அதற்காகக் கரிமத்தைக் கூட்டி, சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்துகிறார்கள். அப்படிச் செய்யும்போது துருவை எதிர்க்கும் சக்தி பாத்திர எஃகைவிடக் குறைந்துவிடுகிறது. ரத்தத்திலும் சலைனிலும் உள்ள உப்பு அதன் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும். உலர்ந்த ரத்தம் மூட்டுக்குள் இறுகிக்கொள்ளும். பூட்டிய நிலையிலேயே ஆட்டோகிளேவில் வைத்தால் 134 டிகிரி வெப்பத்தில் எஃகு விரியும்போது மூட்டில் விரிசல் விழும். கனமான ரிட்ராக்டரின் அடியில் மெல்லிய கண் அறுவைக் கருவி கிடந்தால் அதன் நுனி வளைந்துவிடும். தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர்தான் மருத்துவமனைக்கும் வருகிறது. உப்பு நீக்கிய நீரால் கடைசியாக அலச வேண்டும் என்ற விதியை அங்கே எப்படிக் கடைப்பிடிப்பது?

குளோரின் கரைசலின் கதை இன்னும் வருத்தம் தருவது. பயன்படுத்திய கருவிகளை முதலில் 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் ஊறப்போட வேண்டும் என்று நம் நாட்டுச் செவிலியர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்தார்கள். பிரசவ அறைகளில் வாளிகளோடு அது ஒரு சடங்கைப் போலவே நிலைத்துவிட்டது. கழுவுவதற்கு முன் குளோரினிலோ வேறு கிருமிநாசினியிலோ ஊறப்போடுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. ரத்தமும் சளியும் இருக்கும்போது கிருமிநாசினி வேலை செய்யாது, கருவியையும் அரித்துவிடும் என்பவை அதற்கான காரணங்கள். தண்ணீரும் சோப்புக் கரைசலும் தேய்ப்பும்தான் முதலில். சொல்லிக்கொடுத்தபடி உண்மையாக வேலை செய்த செவிலியர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ளாத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். புதுக் கருவி வாங்கப் பணம் கேட்டு எழுதும் அதே அலுவலகத்திலிருந்து, இருக்கும் கருவியை அரித்துத் தின்னும் வழிமுறையும் சுற்றறிக்கையாகப் போயிருக்கிறது.

சாணைக்கல்லும் பட்டறையும்

நல்ல பழுதுபார்க்கும் நிறுவனத்தின் பட்டறையில் என்ன நடக்கிறது? மருத்துவமனையிலிருந்து கருவிகள் கிருமிநீக்கப்பட்டு, எந்தெந்தச் செட்டில் எத்தனை என்ற பட்டியலோடு வருகின்றன. ஒவ்வொன்றையும் பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பார்க்கிறார்கள். கத்தரியைச் சோதிக்க மெல்லிய ரப்பர்த் தாளை வெட்டிப் பார்ப்பார்கள். நுனிவரை இழுபடாமல் வெட்ட வேண்டும். ஃபோர்செப்ஸை முதல் பல்லில் பூட்டி, மூட்டை உள்ளங்கையில் தட்டினால் திறந்துகொள்ளக் கூடாது. தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனியில் ஒளி ஊடுருவக் கூடாது. பிறகு வேலை தொடங்கும். வளைந்ததை நிமிர்த்துவது, தளர்ந்த மூட்டை இறுக்குவது, அலகைத் தீட்டுவது, குழி விழுந்த மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றுவது. பொன்னிறப் பிடி போட்ட விலை உயர்ந்த கருவிகளின் தாடையில் டங்ஸ்டன் கார்பைடு பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை தேய்ந்தால் பட்டையை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கலாம். முழுக் கருவியையும் எறிய வேண்டியதில்லை. கடைசியாக அமிலக் குளியல். தீட்டும்போது மேலே ஒட்டிய இரும்புத் துகளை அது கரைத்துவிட்டு, குரோமியம் ஆக்சைடின் மெல்லிய காப்புப் படலம் மறுபடி உருவாக வழி செய்யும். இதைச் செய்யாமல் பளபளப்பாக மட்டும் திருப்பிக் கொடுத்தால் சில வாரத்தில் துரு வந்துவிடும்.

இதில் எல்லோரும் எளிதென்று நினைக்கும் வேலை தீட்டுவதுதான். அதில்தான் பிழையும் அதிகம். வேகமாகச் சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்தால் அலகு சூடேறும், நீலம் பாயும், எஃகின் பதம் போய்விடும். அப்படித் தீட்டிய கத்தரி முதல் நாள் அருமையாக வெட்டும். ஒரு வாரத்தில் பழையதைவிட மோசமாகும். தெருவில் வரும் சாணைக்காரரிடமோ பக்கத்து லேத் பட்டறையிலோ கொடுத்து வாங்குகிற சிறிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்தத் தொழிலாளிகளின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. காய்கறிக் கத்திக்குப் பழகிய கைக்கு அறுவைக் கத்தரியின் இரண்டு அலகுகளும் எந்தக் கோணத்தில் உரச வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டு மருத்துவ மரபில் இதற்கு இடம் இருந்தது. சுஸ்ருத சம்ஹிதை கூரில்லாத கருவிகள் 101, கூர்க் கருவிகள் 20 என்று வகைப்படுத்துகிறது, அதோடு நிற்கவில்லை. வளைந்தது, மழுங்கியது, உடைந்தது, விளிம்பு கரடுமுரடானது, மிகப் பருத்தது, மிகச் சிறியது, மிக நீண்டது, மிகக் குட்டையானது என்று கருவியின் எட்டுக் குற்றங்களையும் பட்டியலிடுகிறது. உளுந்தின் நிறமுள்ள வழவழப்பான கல்லில் தீட்ட வேண்டும் என்றும், கூர் கெடாமலிருக்க இலவ மரப் பலகையைப் பயன்படுத்த வேண்டும் என்றும், மயிரை வெட்டிக் கூரைச் சோதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அறுவை செய்பவரே கருவியின் குணமும் குற்றமும் அறிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இன்றைய எம்.எஸ். பாடத்திட்டத்தில் கருவியின் பெயரும் பயனும் வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும். கருவி கெட்டிருக்கிறதா என்று பார்க்கத் தெரியுமா என்பதையும் கேட்டால் என்ன?

பழுதுபார்ப்பதைத் தாழ்ந்த வேலையாக நினைப்பவர்கள் சியால்கோட்டின் வரலாற்றைப் படிக்க வேண்டும். பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள அந்த ஊர் இன்று உலகத்துக்கே அறுவைக் கருவி செய்து தருகிறது. அந்தத் தொழிலின் தொடக்கம் ஒரு பழுதுபார்ப்பில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் அங்கிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனையின் டாக்டர்கள், கெட்டுப்போன கருவிகளை உள்ளூர்க் கொல்லர்களிடம் கொடுத்தார்கள். வாளும் குத்துவாளும் அடித்துப் பழகிய கைகள். முதலில் பழுது பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து அமைப்பைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு தாங்களே செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தேவை வந்தபோது அந்தத் தொழில் பெருகியது. ஜெர்மனியின் டுட்லிங்கன், 1867இல் தொடங்கிய ஏஸ்குலாப் என்ற அறுவைக் கருவி நிறுவனத்தின் ஊர். சியால்கோட் கொல்லர்களின் ஊர். உலக அறுவை அரங்கங்களின் தட்டுகளில் இந்த இரண்டு ஊர்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

சென்னைக்கும் ஒரு வாய்ப்பு வந்து போயிருக்கிறது. 1961இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல்., சோவியத் உதவியோடு ரிஷிகேஷிலும் ஐதராபாத்திலும் மருந்து ஆலைகளையும், சென்னையில் அறுவைக் கருவி ஆலையையும் அமைத்தது. பெரிய கனவு அது. ஆனால் ஆலையிலிருந்து வந்தவை சோவியத் பாணிக் கருவிகள். பிரிட்டிஷ் பாணியில் பழகிய நம் அறுவை நிபுணர்களின் கைக்கு அவை ஒத்துவரவில்லை. பிற்காலத்தில் அந்த வளாகத்தில் மாத்திரை, மருந்துதான் தயாரானது. சியால்கோட்டில் டாக்டரும் கொல்லரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி வளர்ந்த தொழில், இங்கே வரைபடத்தில் தொடங்கியதால் நிற்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று அரசுப் பொது மருத்துவமனையின் பக்கத்திலேயே அன்று தொடங்கப்பட்டிருந்தால், எந்தக் கருவி எங்கே கெடுகிறது, எந்தப் பிடி யார் கைக்கு உறுத்துகிறது என்ற அறிவு நம்மிடமே சேர்ந்திருக்கும்.

‘இதெல்லாம் எதற்கு? ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. மாடுகளுக்கு வரும் ‘மேட் கவ்’ நோயோடு தொடர்புடைய மூளை நோய் கருவிகள் வழியே பரவிவிடுமோ என்ற அச்சத்தில், டான்சில் அறுவை சிகிச்சைக்கு ஒருமுறை பயன்படுத்தும் கருவிகளையே எடுக்க வேண்டும் என்று 2001 ஜனவரியில் உத்தரவிட்டார்கள். நோக்கம் நல்லது. அறுவைக்குப் பிந்தைய ரத்தப்போக்கு கூடியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இங்கிலாந்தில் பழைய கருவிகளுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு நாள் வாழப்போகிற கருவியை யாரும் நூறு நாள் உழைக்கும் தரத்தில் செய்வதில்லை. எறிவதற்கு இன்னொரு விலையும் உண்டு. பிரிட்டனின் காது மூக்கு தொண்டை அறுவை நிபுணர் மஹ்மூத் புட்டா, சியால்கோட் பட்டறைகளில் குறைந்த கூலிக்கும் ஆபத்தான சூழலிலும் வேலை நடப்பதையும், சிறுவர்கள் உழைப்பதையும் 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாளில், அறுவைக் கத்தரியைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தினால் செலவும் கார்பன் வெளியேற்றமும் குறைகின்றன என்று கணக்கிட்டுக் காட்டிய ஆய்விலும் அவர் பங்கேற்றார். இரண்டும் ஒரே அக்கறையிலிருந்து பிறந்தவை. உழைத்துச் செய்த பொருளை மதிப்பவர் அதை அவ்வளவு எளிதில் குப்பையில் போட மாட்டார்.

மதுரை காட்டிய வழி

நமக்கு முன்மாதிரி வெளிநாட்டில் இல்லை, மதுரையில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு அவர் லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்ததும், 1992இல் தொடங்கிய ஆரோலேப் கண் லென்ஸின் விலையைச் சாமானியருக்கு எட்டும்படி இறக்கியதும் பலருக்கும் தெரியும். அங்கே கருவிப் பராமரிப்புக்கென்று தனித் துறை இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு நிபுணர் இரண்டு மேசைகளுக்கு நடுவே மாறி மாறி, அடுத்தடுத்த நோயாளிக்கு அறுவை செய்கிற ஏற்பாடு அவர்களுடையது. கருவி செட் ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது இன்னொன்று கிருமிநீக்கத்தில் இருக்கும். இப்படிச் சுழலும்போது ஒரு ஃபோர்செப்ஸின் நுனி வளைந்திருந்தால் மொத்த வரிசையும் நிற்கும். அதனால் அவர்கள் பராமரிப்பை வெளியாரின் கருணைக்கு விட்டுவைக்கவில்லை. தங்கள் டெக்னீஷியன்களைப் பயிற்றுவித்தார்கள், பிற ஊர், பிற நாட்டுக் கண் மருத்துவமனைகளின் டெக்னீஷியன்களையும் வரவழைத்துக் கருவிப் பராமரிப்புப் பயிற்சி தந்தார்கள், கையேடும் எழுதி வெளியிட்டார்கள். குறைந்த செலவில் தரமான சிகிச்சை என்று உலகம் அரவிந்தைப் பாராட்டும்போது, மைக்ரோஸ்கோப்பின் கீழ் கருவி நுனியை நேராக்கும் அந்த டெக்னீஷியனையும் சேர்த்தே பாராட்டுகிறது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசுத் தரப்பில் விழிப்பு வராமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2015இல் உயிர்மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்காக 29 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரையிலான கருவிகள் இயங்காமல் கிடந்தது தெரியவந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு இலக்கு வைத்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது வென்டிலேட்டரையும் எக்ஸ்ரேயையும் மானிட்டரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம். பிளக் இல்லாத கருவிக்கு ‘இயங்கும் நேரம்’ என்ன? கத்தரி எப்போதும் திறந்து மூடத்தானே செய்கிறது. வெட்டுகிறதா என்று அளந்தால்தான் அது இயங்குகிறதா இல்லையா என்று தெரியும்.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கருவி என்பது ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு எண். எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். தரம் குறைந்தால் யாரும் கேட்பதில்லை. எனவே தேய்ந்துபோன கருவியைக்கூட ‘கண்டெம்’ செய்து கழித்துக்கட்டும் நாள்வரை பத்திரமாக வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்றாகிவிடுகிறது. பத்து ஃபோர்செப்ஸ் இருக்கிற செட்டில் நான்கு பிடிக்காது என்று அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் கை நீட்டும்போது சிஸ்டர் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். அந்த சிஸ்டர் விடுப்பில் போகும் நாளில் என்ன ஆகும்? ஒரு தனிமனிதரின் ஞாபகசக்தியை நம்பி ஒரு பாதுகாப்பு முறை இயங்கக் கூடாது.

1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றின. அதே கழகம் கைக்கருவிப் பராமரிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். சென்னை, மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று மண்டலத்துக்கு ஒரு பட்டறை. அல்லது தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களோடு ஒப்பந்தம். எந்த வழியாக இருந்தாலும் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற முறை இங்கே ஆபத்தானது. ஒரு கருவிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் தீட்டத் தேவையில்லாத கத்தரியையும் தீட்டித் தள்ளுவார்கள். ஒவ்வொரு முறையும் அலகு மெலியும், ஆயுள் குறையும். சோதனையில் தேறிய செட்டுகளின் அளவை வைத்துப் பணம் கொடுக்க வேண்டும். பதிலுக்கு மாற்று செட் தராமல் கருவிகளை எடுத்துப்போகக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பழுது பார்க்க முடியாது.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. மூட்டில் விரிசல் விழுந்த கருவியை ஒட்டவைத்துத் தருவது குற்றம். ‘இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று எழுதித் திருப்பி அனுப்பும் நிறுவனமே நம்பகமானது, அந்தக் கருவிக்கு அதற்குக் கூலி கிடைக்காவிட்டாலும். ஒரு மருத்துவமனையின் கருவி இன்னொரு மருத்துவமனையின் செட்டில் கலந்துபோகக் கூடாது. ஒவ்வொன்றிலும் அடையாளக் குறி வேண்டும். என்ன பழுது, என்ன செய்யப்பட்டது, எந்தச் சோதனையில் தேறியது என்ற அறிக்கை கூடவே வர வேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சரியாகக் கிருமிநீக்காத கருவியின் கூர்முனையை முதலில் தொடுவது அவர் விரல்தான். அவர் பெயர் எந்த மருத்துவ அறிக்கையிலும் வருவதில்லை என்பதற்காக அவர் உடல்நலம் யாருடைய பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது.

கருவியைத் தயாரித்த கம்பெனியைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்ற வாதமும் வரும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்து 2018இல் அறிக்கை தந்தது. வெளி நிறுவனங்களின் பராமரிப்பால் பரவலான ஆபத்து என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, அவர்களில் பலர் தரமான சேவை தருகிறார்கள், அவர்கள் சுகாதார அமைப்புக்கு மிக முக்கியம் என்பது அதன் சாரம். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின் பார்வை உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றின் மீதே இருக்கிறது. விற்ற பிறகு அந்தக் கருவி பல ஆண்டு வாழ்கிறது, பலமுறை தீட்டப்படுகிறது. அந்த வாழ்க்கைக்கும் ஒரு குறைந்தபட்சத் தர விதி வேண்டும். தடை போடுவதற்காகக் கேட்கவில்லை. நல்ல நிறுவனத்தையும் அரைகுறை நிறுவனத்தையும் மருத்துவமனை பிரித்தறிவதற்காகக் கேட்கிறேன்.

ஆள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி நம் மாநிலத்தில் எழக் கூடாது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன கொல்லுப் பட்டறைகள் நம்மிடம் இருக்கின்றன. எஃகின் பதத்தை நிறம் பார்த்தே சொல்லும் குடும்பங்கள் அவை. கோவையில் மைக்ரான் அளவில் உலோகம் சீவும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.களில் டூல் அண்ட் டை பிரிவு நடக்கிறது. அதோடு ஓராண்டு அறுவைக் கருவிப் பராமரிப்புப் படிப்பைச் சேர்த்து, பாதி நாளை மருத்துவக் கல்லூரிகளின் கிருமிநீக்க அறையில் கழிக்கவைத்தால் போதும். பெண்கள் இந்த வேலைக்கு நிறைய வர வேண்டும் என்பது என் விருப்பம். நுண்ணிய கைவேலையில் அவர்களுக்கு இருக்கும் பழக்கத்தைக் கண் லென்ஸ் தயாரிப்பில் மதுரை ஏற்கனவே பார்த்திருக்கிறது.

அறுவை நிபுணர்களிடம் ஒரு வேண்டுகோள். மழுங்கிய கருவி கைக்கு வந்தால் சிஸ்டரிடம் கோபப்பட்டுவிட்டு அதே கருவியால் வேலையை முடிக்காதீர்கள். அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், எழுத்தில் பதியுங்கள், மறுபடி உங்கள் தட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கள். உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடை ஸ்டோர் பொறுப்பாளரின் கடிதத்துக்கு இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் நிதிநிலை அறிக்கையில், புதுக் கருவிகள் வாங்க ஒதுக்கும் தொகையோடு, இருக்கும் அறுவைக் கருவிகளைப் பராமரிக்க ஒரு தனிச் செலவுத் தலைப்பைத் தொடங்குங்கள். முதல் ஆண்டு ஒரு மண்டலத்தில் மட்டும் செய்து பார்த்தாலும் சரி, இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.